உளவு நாவலைப் பற்றிய வாசகர் கருத்தை எழுதுவது எப்படி?

பல நாடுகளுக்கிடையே நிகழும் அரசியல் உளவு நாவலைப் பற்றிக் கருத்து எழுத விரும்புகிறவர், புத்தகத்தை முடிப்பதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும். துரோகி யார் என்று தெரிந்துவிட்ட பிறகு, "எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது" என்று மனம் தன்னையறியாமலே கதை கட்டிவிடும். ஆகவே நான்கைந்து அத்தியாயங்களுக்கு ஒருமுறை, இந்த நேரத்தில் யாரை நம்புகிறேன், யாரைச் சந்தேகிக்கிறேன், எதற்காக என்று ஒரே வரியில் குறித்து வையுங்கள். பின்னர் எழுதப்போகும் கருத்தில் நேர்மையான பகுதி என்று ஒன்று இருந்தால், அது இந்தக் குறிப்புகளிலிருந்துதான் வரும்.

படித்து முடித்ததும், நீங்கள் ஏமாந்த இடங்களுக்குத் திரும்பிச் செல்லுங்கள். ஏமாற்றியது குற்றமன்று, ஏமாற்றிய முறை நியாயமானதா என்பதே கேள்வி. சந்திப்பு நடக்கவிருந்த இடத்தை யாரும் சொல்லாமலே ஒருவர் அறிந்திருந்தார் என்பது முன்பே ஓர் உரையாடலில் வெளிப்பட்டிருந்து, அதை நீங்கள் கவனிக்காமல் கடந்திருந்தால், ஆசிரியர் நியாயமாக ஆடியிருக்கிறார். மாறாக, இரட்டை உளவாளியின் மனத்துக்குள்ளேயே பக்கம் பக்கமாக நம்மை அழைத்துச் சென்று, அவர் இரவும் பகலும் நினைத்திருக்க வேண்டிய ஒன்றை மட்டும் மறைத்திருந்தால், அது திருப்பம் ஆகாது, மோசடி. இந்த வேறுபாட்டை ஒரு சான்றோடு விளக்கும் பத்தி, "விறுவிறுப்பான நாவல்" என்று பத்து முறை சொல்வதைவிட மேலானது.

அடுத்து, நாவலின் அரசியலையும் காலத்தையும் சரிபாருங்கள். அமெரிக்காவின் உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. 1947-இல் உருவானது, சோவியத் ஒன்றியத்தின் உளவு நிறுவனமான கே.ஜி.பி. அந்தப் பெயரில் 1954 முதல் 1991 வரை இயங்கியது. பெர்லின் சுவர் 1961 ஆகஸ்டில்தான் எழுந்தது. 1958-இல் ஒருவர் அந்தச் சுவரைத் தாண்டித் தப்பினால், கதையின் அடித்தளமே ஆட்டம் காணும். சொற்களிலும் கவனம் தேவை: சி.ஐ.ஏ.வின் வழக்கில் நிறுவனத்தின் ஊழியர் 'அதிகாரி'. அவர் வெளிநாட்டில் வசப்படுத்தித் தகவல் பெறுகிறவரே 'ஏஜென்ட்'. தமிழில் இருவரையுமே 'உளவாளி' என்று எழுதிவிடுவதால், யார் யாருக்காக உயிரைப் பணயம் வைக்கிறார் என்பது மங்கிப்போகிறது. ஆனாலும் பிழைப் பட்டியலே கருத்தாகிவிடக் கூடாது. எதிரி நாட்டவருக்கும் அவர்களுக்கென்று அச்சமும் காரணமும் கொடுக்கப்பட்டிருக்கின்றனவா என்பது, துப்பாக்கியின் பெயர் சரியா என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முடிவை ஊகிக்க முடிந்தது என்பதற்காக மட்டும் ஒரு நாவலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஃபிரெடரிக் ஃபோர்சித்தின் 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' 1971-இல் வெளியானபோது, பிரெஞ்சு அதிபராக இருந்த டி கோல் அதற்கு முந்தைய ஆண்டுதான் இயற்கையாக இறந்திருந்தார். கதையில் அவரைக் கொல்ல நடக்கும் முயற்சி தோற்கும் என்று தெரிந்தே வாசகர்கள் படித்தார்கள். போலி ஆவணங்களும் தனியாகச் செய்யப்பட்ட துப்பாக்கியும் காவல்துறையின் தேடலும் படிப்படியாக நெருங்கிவரும் விதமே அவர்களைப் பிடித்து வைத்தது. அப்படியிருக்க, என்ன நடக்கும் என்ற ஆவலா, எப்படி நடக்கும் என்ற ஆவலா, எது உங்களைப் பக்கம் புரட்ட வைத்தது என்று எழுதுங்கள்.

கதைச்சுருக்கத்துக்கு ஐந்து வாக்கியங்கள் போதும். அவையும் நாவலின் முதல் கால் பகுதியைத் தாண்ட வேண்டாம். "கடைசியில் பேரதிர்ச்சி காத்திருக்கிறது" என்பதும் ஒரு காட்டிக்கொடுத்தல்தான், ஏனெனில் அதைப் படித்தவர் எல்லாரையும் சந்தேகித்துக்கொண்டே வாசிப்பார். திருப்பத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டுமென்றால், முன்னெச்சரிக்கை கொடுத்து அப்பகுதியைத் தனியே பிரித்து இறுதியில் வையுங்கள்.

எழுதியதை, அந்த நாவலைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, துரோகி யாராக இருக்கும் என்று கேளுங்கள். அவர் தயங்காமல் சரியான பெயரைச் சொன்னால், எந்த வரி அதைச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டு, அதை நீக்கிவிடுங்கள்.