டர்பனுக்கு ஆன்லைனில் துணி விற்கும்முன்

சென்னை, திருப்பூர் பக்கமிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு ஆன்லைனில் துணி விற்க நினைப்பவர்கள் முதலில் வெப்சைட்டைத்தான் அழகுபடுத்துகிறார்கள். நான் அங்கே டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் துணிக்கடை வைத்திருப்பவள். வெப்சைட் அப்புறம், முதலில் வரிக் கணக்கைப் போடுங்கள்.

1000 ராண்ட் (இந்நாட்டுப் பணம்) மதிப்புள்ள ஒரு சுடிதார். ஆயத்த ஆடைக்கு இறக்குமதி வரி 45 சதவீதம், அதாவது 450 ராண்ட். அப்புறம் வாட் என்கிற மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம். சரக்கு மதிப்போடு அதில் 10 சதவீதத்தையும் இறக்குமதி வரியையும் கூட்டி, 1550இன் மேல் அதைப் போடுவார்கள்: 232.50. ஆக மொத்தம் 1682.50, கூரியர் தனி. நீங்கள் 1000 என்று மட்டும் விலை போட்டால், மிச்சத்தைக் கூரியர்காரர் வாசலில் நின்று கேட்பார். வாங்கிய அம்மா பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை கோயிலில் நாலு பேரிடம் சொல்வார். வரி உட்பட ராண்டில் ஒரே விலை போடுங்கள். 500 ராண்டுக்குள் இருந்தால் வாட் கிடையாது என்பது பழைய கதை. 2024 செப்டம்பரிலிருந்து அதற்கும் உண்டு.

அடுத்து நம்பிக்கை. அமெரிக்க ஆன்லைன் சந்தையான ஈபே சீனாவில் சறுக்கியது இதில்தான் என்பேன். 2003இல் வந்த சீன ஆன்லைன் சந்தையான தாவ்பாவ் விற்பவரிடம் கட்டணம் வாங்கவில்லை. வாங்குபவர் கடைக்காரரோடு நேரே பேசிப் பேரம் பேசலாம். பொருள் கைக்கு வரும்வரை பணம் அலிபே என்கிற பணம் செலுத்தும் சேவையில் நிற்கும். 2006 கடைசியில் ஈபே தன் சீனத் தளத்தை உள்ளூர்க் கூட்டாளியிடம் விட்டது. ஈபே காசுக்குப் பஞ்சமில்லாத கம்பெனி, ஆனாலும் இந்தக் கதி.

இங்கே தென்னாப்பிரிக்காவில் 2011 முதல் டேக்கலாட் என்கிற உள்ளூர் ஆன்லைன் கடை இருக்கிறது. அமேசானே 2024 மே மாதம்தான் இந்நாட்டுக்கென்று தனிக் கடை திறந்தது. இவர்களிடம் வாங்கிப் பழகியவர்கள் உங்களிடமும் அதையே எதிர்பார்ப்பார்கள். ஆன்லைனில் வாங்கிய பொருளை 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம் என்று இந்நாட்டின் 2002ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. கடை வெளிநாட்டில் இருந்தாலும் சரி. ஆனால் திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவருடையது. சென்னை முகவரியைப் பார்த்தாலே அவர் பின்வாங்குவார். சொந்தக்காரர் வீடோ தெரிந்த கடையோ, டர்பனில் ஒரு திருப்பல் முகவரி பிடித்து வையுங்கள்.

தைப்பூசக் காவடிக்கும், ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் சமயத்துக்கும் மஞ்சள் சேலை கேட்பார்கள். ஒரு மாதம் முன்பே சரக்கு இங்கே இருக்க வேண்டும்.

வேலை முடிந்து, சமையலும் முடிந்து ராத்திரி 8 மணிக்குத்தான் வாட்ஸ்அப்பில் கேள்வி வரும். அப்போது உங்களுக்கு 11.30. பதில் சொல்ல ஆள் வைத்துவிட்டுக் கடையைத் திறங்கள்.