இழக்கச் செய்யும் முன் கொடுங்கள்: கதையிலும் படத்திலும் உணர்ச்சியை எழுப்பும் முறை

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதிகளான ஹட்டனிலும் பண்டாரவளையிலும் பதுளையிலும் உள்ள இளைஞர்கள் எழுதும் சிறுகதைகளையும், கைபேசியில் எடுக்கும் குறும்படங்களையும் பல ஆண்டுகளாக வாசித்தும் பார்த்தும் வருகிறேன். அவற்றில் துயரத்துக்குக் குறைவே இல்லை. ஆனாலும் லயத்தின் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டின்) கூரை ஒழுகி, தாய் தலையில் அடித்துக்கொண்டு கதறும் காட்சியில் பார்ப்பவரின் கண் வறண்டே இருக்கிறது. எழுதியவருக்கு அந்தத் துயரம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அது வாசகரிடம் போய்ச் சேராமல் ஏன் பாதியில் நின்றுவிடுகிறது என்பதையும், சேர்ப்பதற்கு என்ன செய்யலாம் என்பதையும் நான் அறிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

எழுதத் தொடங்குமுன், எழுப்ப விரும்பும் உணர்ச்சி எது என்பதை ஒரு சொல்லில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘சோகம்’ என்று குறித்தால் போதாது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லி, அழுகை பிறக்கும் இடங்களையே இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காகப் பிரிக்கிறது. பிறர் இகழ்வதால் வருவது இளிவு. உற்றாரையோ உடைமையையோ இழப்பதால் வருவது இழவு. முன்பிருந்த நிலை கெட்டுத் தாழ்வதால் வருவது அசைவு. நம் கதைகளில் பெரும்பாலானவை நான்காவதான வறுமையோடு நின்றுவிடுகின்றன. வறுமையை மட்டும் காட்டினால் வாசகர் இரங்குவார். ஆனால் அந்த இரக்கம் சற்று உயரத்திலிருந்து வருவது. பேரன் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வயதான பாட்டியைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை (மேற்பார்வையாளர்) ஒருமையில் அழைப்பதையும், பாட்டி ஒன்றுமே நடவாததுபோல் படங்கை (கொழுந்து பறிப்போர் உடைக்கு மேல் சுற்றும் முரட்டுத் துணியை) இடுப்பில் இறுக்கிக் கட்டுவதையும் எழுதிப் பாருங்கள். அங்கே வாசகர் பேரனின் இடத்தில் நிற்பார். ஒரு காட்சிக்கு இந்த நான்கில் ஒன்றே போதும்.

இவற்றுள் இழவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மிகுதியாகத் தவறுவது இங்கேதான். வாசகர் பெறாத ஒன்றை வாசகரால் இழக்க முடியாது. மாசி மாதத்தில் காமன் கம்பம் நட்டு (‘காமன் ஊன்றி’) கூத்தாடும் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காமனாகிய மதன் சிவனின் நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுவான் என்பது காமன் கூத்தைப் பார்க்கக் கூடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் குழந்தைப் பருவம் முதல் தெரியும். அப்படியிருந்தும் ரதி புலம்பும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்பே ரதிக்கும் மதனுக்கும் தோட்டத்தார் கூடித் திருமணம் நடத்தியிருக்கிறார்கள். கணவனைச் சிவனின் தபசை அழிக்கப் போக வேண்டாம் என்று ரதி தடுப்பதையும் கேட்டிருக்கிறார்கள். தங்கள் வீட்டுப் பெண்ணாக ஆகிவிட்டவளின் இழப்புக்குத்தான் அழுகிறார்கள். ஆகவே முடிவை மறைத்து வைத்துத் திடுக்கிடச் செய்வதில் உழைப்பைச் செலவிடாமல், இழக்கப்போகும் மனிதரையோ பொருளையோ வாசகருக்கும் உரியதாக்கும் பக்கங்களில் செலவிடுங்கள். பத்துப் பக்கக் கதையில் இறப்பு எட்டாம் பக்கத்தில் வருமென்றால், அந்த ஏழு பக்கங்களும் கொடுப்பதற்கானவை.

வரலாற்றுத் துயரத்தை எழுதுவோருக்கு இது இன்னும் பொருந்தும். இலங்கையும் இந்தியாவும் 1964ஆம் ஆண்டில் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அந்த எண்ணைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. ஆயினும் ஒரு முகம் எழுவதில்லை. புகையிரத நிலையத்தில் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுவதாக எழுதினாலும் அதே நிலைதான், ஏனெனில் அந்தக் கூட்டத்தில் நமக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இப்படி அமைத்துப் பாருங்கள்: புறப்படும் குடும்பம் தன் பசுவைப் பக்கத்து லயத்தாருக்கு விற்கிறது. கதையின் தொடக்கத்திலேயே அந்தப் பசுவுக்குப் புல்லறுக்க மூத்த மகள் எந்தச் சரிவுக்குப் போவாள் என்பதும், பசுவுக்கு அவள் வைத்த பெயரும் நமக்குத் தெரிந்திருக்கின்றன. குடும்பம் கோச்சி (ரயில்) ஏறி, இந்தியாவுக்குக் கப்பல் புறப்படும் தலைமன்னாருக்குப் போய்விட்ட மறுநாள் மாலையில் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, அவர்கள் பூட்டிவிட்டுப் போன காம்பராவின் (லய அறையின்) முன்னால் நிற்கிறது. யாரும் அழவில்லை என்றே எழுதுங்கள்.

அச்சத்தையும் பதைப்பையும் எழுப்புவதற்கான வழி வேறு. அங்கே பாத்திரத்துக்கு முன்பாகவே வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திகில் பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார்: மேசைக்கடியில் குண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரியாவிட்டால் அது வெடிக்கும்போது சில நொடி அதிர்ச்சிதான் கிடைக்கும், தெரிந்துவிட்டால் மேசையில் நடக்கும் சாதாரணப் பேச்சு முழுவதும் பதைப்பாகிவிடும். மலைச்சரிவில் வாழும் நமக்கு மேசையும் குண்டும் தேவையில்லை. லயத்துக்கு மேலே மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு இருப்பதை முதற்காட்சியில் காட்டிவிட்டு, பிறகு பிள்ளைக்குச் சோறூட்டுவதையும் மழை வலுப்பதையும் காட்டினால் போதும். 2014 அக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மூடிய மண்சரிவை அறிந்த எவரும் அந்தக் காட்சியின்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

வெளியூர் வாசகருக்கு இந்த அறிவு இருக்காது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மாலை நிறுவையில், பறித்த தேயிலைக் கொழுந்து ஒரு கிலோ குறைவதும் ‘அரைப்பேர்’ (அரைநாள் சம்பளம்) என்ற சொல் காதில் விழுவதும் நமக்கு நெஞ்சில் அடிப்பதுபோல் இருக்கும். கொழும்பிலோ சென்னையிலோ இருப்பவருக்கு அது வெறும் கணக்கு. இடையில் நிறுத்தி விளக்கவுரை எழுதினால் காட்சி குளிர்ந்துவிடும். அதனால் கதையின் முன்பகுதியில், நிறை குறையாத ஒரு நாளைக் காட்டுங்கள்: 18 கிலோ என்ற அளவு நிறைந்து முழுப்பேர் விழுந்த அன்று, மகளுக்கு என்ன வாங்கலாம் என்று தாய் கணக்குப் போட்டபடி படியிறங்கட்டும். பின்பு அரைப்பேர் வரும்போது, அது பறித்தெடுப்பது எதை என்று வாசகர் தாமே அறிவார்.

நடை குளிர்ச்சியாக இருக்கட்டும். வாசகர் உள்ளம் உருக வேண்டுமானால் எழுதுபவர் சற்றுக் குளிர்ந்து நிற்க வேண்டும் என்று 1892இல் ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் ஒரு கடிதத்தில் அறிவுரை கூறினார். துயரமான இடத்தில் நீங்கள் எழுதிய ‘ஐயோ’க்களையும் ஆச்சரியக்குறிகளையும் உவமைகளையும் நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். திரைப்படத்தில் இந்த இடத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இசைதான். முகம் வாடுவதற்கு முன்பே வயலின் தொடங்கிவிட்டால், உணரும்படி கட்டளை வந்ததாகப் பார்ப்பவர் எண்ணிப் பின்வாங்குகிறார். ரஷ்ய இயக்குநர் லேவ் குலஷோவ் ஒரே நடிகரின் சலனமற்ற முகத்தைச் சூப்புத் தட்டுக்கும் சவப்பெட்டிக்கும் ஒரு பெண்ணுக்கும் அடுத்தடுத்து ஒட்டிக் காட்டியபோது, பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. எனவே நடிப்பவரிடம் அழச் சொல்லாமல், அவர் எதைப் பார்க்கிறார் என்பதைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். பிழையான விவரமும் ஒரு நொடியில் எல்லாவற்றையும் கலைத்துவிடும்: கொழுந்தின் கறை படியாத விரல்களோடு ஒருத்தி தன் துயரத்தைச் சொன்னால், இங்குள்ள பார்வையாளர் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

எழுதி முடித்ததும் ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ‘நன்றாயிருக்கிறதா’ என்று கேட்க வேண்டாம், எந்த இடத்தில் அவர் அசையாமல் இருந்தார் என்பதை மட்டும் கவனியுங்கள். என் பாட்டியின் மரணத்தைப் பற்றி நான் எழுதிய கதையை ஒரு வாசகர் வட்டத்தில் படித்தபோது, இறுதி ஊர்வலத்தை இரண்டு பக்கம் விவரித்தும் எவருடைய முகமும் மாறவில்லை. பிறகு தேநீர் குடிக்கும்போது பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னேன்: மழைக்காலத்தில் கொழுந்துக் கூடை பூஞ்சணம் பிடிக்கக் கூடாதென்று பாட்டி அதை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார், அவர் போன பின்பும் தாத்தா ஒவ்வொரு கார்த்திகையிலும் அதே இடத்தில் அதைக் கட்டினார். கேட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். வீட்டுக்கு வந்து ஊர்வலத்தை முழுவதுமாக நீக்கினேன். பாட்டி கூடையைக் கட்டும் காட்சியைக் கதையின் தொடக்கத்தில் சேர்த்தேன். தாத்தா முடிச்சுப் போடும் இடத்தில் கதையை நிறுத்தினேன்.