மேக்ரோ ஒரு வரி இல்லை: அசெம்பிளியில் அடிக்கடி விழும் குழிகள்

கல்லூரி லேபில் 8086 என்னும் பழைய இன்டெல் ப்ராசஸருக்கு நான் எழுதிய முதல் மேக்ரோ, 42 என்று காட்டவேண்டிய இடத்தில் இரண்டு சிரித்த முகங்களைக் காட்டியது. பக்கத்து பெஞ்சில் இருந்தவன் எட்டிப் பார்த்து, "வைரஸ்டா மச்சான்" என்றான். வைரஸ் எல்லாம் இல்லை. நான் எழுதியது எழுதியபடியே நடந்திருந்தது.

மேக்ரோ என்றால் சில வரிகளுக்கு வைக்கும் ஒரு பெயர்; நிரலை இயந்திர மொழியாக்கும் அசெம்பிளர், அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் அந்த வரிகளை ஒட்டிவிடும். என்னுடையதில் மூன்றே வரி. ஏஹெச் ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள் எண்ணை வைக்கும் சிறு இடம்) 2 (ஓர் எழுத்தைத் திரையில் காட்டும் டாஸ் சேவையின் எண்), டிஎல் ரெஜிஸ்டரில் பாராமீட்டர், பிறகு டாஸைக் கூப்பிடும் இன்ட் 21ஹெச். இரண்டு இலக்க எண்ணை ஏஏஎம் என்னும் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டுப் பிரித்தால் பத்தாம் இட இலக்கம் ஏஹெச்சிலும் ஒன்றாம் இட இலக்கம் ஏஎல்லிலும் வந்து நிற்கும். அதோடு 3030ஹெச் கூட்டினால் இரண்டும் ஆஸ்கி எழுத்தாகிவிடும். முதலில் ஏஹெச்சைக் காட்டு, அப்புறம் ஏஎல்லைக் காட்டு என்று மேக்ரோவை இரண்டு தடவை போட்டேன்.

விரித்துப் பார்த்தால்தான் கூத்து தெரியும். "ஏஹெச்சில் 2 போடு, ஏஹெச்சை டிஎல்லுக்கு நகர்த்து" என்று ஆகியிருக்கிறது. காட்டவேண்டிய 4 முதல் வரியிலேயே அழிந்து, டிஎல்லுக்கு வெறும் 2 போனது. பழைய ஐபிஎம் பிசியின் எழுத்துத் தொகுப்பில் 2-க்கு உரிய வடிவம் சிரித்த முகம். சரி, ஏஎல்லில் இருந்த மற்ற இலக்கம்? அந்த டாஸ் சேவை திரும்பும்போது, கடைசியாகக் காட்டிய எழுத்தை ஏஎல்லில் போட்டுவிட்டு வரும். அதனால்தான் இரண்டாவது முகமும்.

முதல் கோளாறுக்கு மருந்து, வரிகளின் வரிசையை மாற்றுவது: பாராமீட்டரை முதலில் டிஎல்லில் வாங்கிக்கொண்டு, பிறகு ஏஹெச்சைத் தொடுவது. இரண்டாவதற்கு, தொடுகிற ரெஜிஸ்டர்களை ஆரம்பத்தில் புஷ் செய்து (ஸ்டாக் என்னும் நினைவக அடுக்கில் போட்டுவைத்து), முடிவில் தலைகீழ் வரிசையில் பாப் செய்வது (திரும்ப எடுப்பது). லூப்புக்குள் மேக்ரோவைப் போட்டு, லூப் எண்ணிக்கையை வைத்திருக்கும் சிஎக்ஸை மேக்ரோவும் உள்ளே மாற்றினால், லூப் முடியாமலேயே போகலாம். எத்தனையோ பேர் இதில் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் புஷ்-பாப்பும் எல்லா நோய்க்கும் மருந்தல்ல. 32 பிட் நிரலில், ஸ்டாக்கின் நுனியைக் காட்டும் ஈஎஸ்பி-யில் 4 கூட்டிய முகவரியைப் பாராமீட்டராகக் கொடுத்து, மேக்ரோ முதலில் இரண்டு ரெஜிஸ்டர்களைப் புஷ் செய்தால், அந்த முகவரி 8 பைட் தள்ளிப்போய் வேறு எதையோ எடுத்துக்கொண்டு வரும்.

அடுத்தது லேபிள், அதாவது தாவிப் போகவேண்டிய இடத்துக்கு வைக்கும் பெயர். மேக்ரோவுக்குள் சாதாரணமாக ஒரு லேபிள் வைத்து ஒரு தடவை பயன்படுத்தினால் அசெம்பிளர் வாயே திறக்காது. இரண்டாம் தடவை போட்டதும், ஒரே லேபிள் இரண்டு இடத்தில் இருக்கிறது என்று பிழை காட்டும். பிழையே வருவதால் இதில் பெரிய ஆபத்தில்லை. மாஸ்ம் என்னும் அசெம்பிளரில் மேக்ரோ தொடங்கியதும், வேறு எந்த வரியும் வருவதற்கு முன், லோக்கல் என்று அறிவிக்க வேண்டும். நாஸ்ம் என்னும் இன்னொன்றில் பெயருக்கு முன்னால் இரண்டு சதவீதக் குறி (%%) போட்டால் போதும். குனு அசெம்பிளரில் லேபிளின் வாலில் \@ சேர்த்தால் ஒவ்வொரு தடவையும் புது எண் ஒட்டிக்கொள்ளும்.

பிழையே வராத குழிகள்தான் தூக்கத்தைக் கெடுக்கும். பிக் 16 வரிசை மைக்ரோகன்ட்ரோலரில் பிடிஎஃப்எஸ்எஸ் என்று ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் உண்டு. குறிப்பிட்ட பிட் 1 ஆக இருந்தால் அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனைத் தாண்டிவிடும். "பட்டன் பிட் 1 ஆக இருந்தால் இதைச் செய்யாதே" என்று நினைத்து அதன் கீழே ஒரு மேக்ரோவை வைக்கிறோம். கண்ணுக்கு அது ஒரு வரி. சிப்புக்கு அது மூன்று இன்ஸ்ட்ரக்ஷன். தாண்டப்படுவது முதலாவது மட்டும். மிச்சம் இரண்டும் ஜாம் ஜாமென்று ஓடும். நாமே எழுதிய மேக்ரோ என்றால்கூடப் பரவாயில்லை, சந்தேகம் வரும். நினைவகத்தின் எந்தப் பகுதி என்று தேர்ந்தெடுக்க அசெம்பிளரே தருகிற பேங்க்செல் கூட இந்தச் சிப்புகள் பலவற்றில் இரண்டு இன்ஸ்ட்ரக்ஷனாக விரியும். தாண்டும் இன்ஸ்ட்ரக்ஷனுக்கு அடுத்த வரியில் ஒரு கோடூ (வேறிடத்துக்குத் தாவும் இன்ஸ்ட்ரக்ஷன்) மட்டும் வைத்து, மேக்ரோவை வேறிடத்தில் வையுங்கள்.

ஃப்ளாக், அதாவது கடைசிக் கணக்கின் விளைவைக் குறித்துவைக்கும் பிட், அதன் விஷயமும் இதே ஜாதி. கம்பேர் செய்துவிட்டு, நடுவில் ஒரு மேக்ரோவைச் செருகி, அப்புறம் "சமமானால் தாவு" என்று எழுதுகிறோம். அந்த மேக்ரோ ஒரு ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்க எக்ஸார் பயன்படுத்தியிருந்தால் ஜீரோ ஃப்ளாக் 1 ஆகிவிடும், எப்போதும் தாவும். மூவ் போட்டுப் பூஜ்யமாக்கினால் ஃப்ளாக் மாறாது. புஷ்-பாப் போட்டுவிட்டோமே என்ற நம்பிக்கை இங்கே உதவாது; அவை காப்பாற்றுவது ரெஜிஸ்டரை மட்டும். ஃப்ளாக்குக்குத் தனியாகப் புஷ்எஃப், பாப்எஃப் வேண்டும். கம்பேருக்கும் தாவலுக்கும் நடுவில் மேக்ரோவே வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

அடைப்புக்குறி பற்றி ஒரு வார்த்தை. நாஸ்மில் கொடுத்த எண்ணை இரட்டிப்பாக்க ஒருவரி மேக்ரோ எழுதி, அதற்கு 3+1 கொடுத்தால் 8 வராது, 5 வரும். எழுத்து அப்படியே ஒட்டப்படுவதால் அது 3+1*2 ஆகிவிடுகிறது. பாராமீட்டரைச் சுற்றி ஒரு அடைப்பு, மொத்தத்தையும் சுற்றி இன்னொன்று. சி படித்தவர்களுக்கு இது பழகிய வலி.

நீளம் என்னும் கணக்கையும் பலர் பார்ப்பதில்லை. 20 பைட்டுக்கு விரியும் மேக்ரோவை 50 இடத்தில் போட்டால் 1000 பைட். அதையே புரொசீஜராக (ஒரே இடத்தில் எழுதி, வேண்டும்போது கால் போட்டுக் கூப்பிட்டு, ரெட் போட்டுத் திரும்புவது) வைத்தால், 8086-இல் நியர் கால் ஒன்றுக்கு 3 பைட் வீதம் 150, உடம்பு 20, ரெட் 1, ஆக 171. நினைவகம் தாராளமாக இருந்தாலும் இன்னொரு வழியில் இது கடிக்கும்: லூப் இன்ஸ்ட்ரக்ஷன் பின்னால் 128 பைட்டுக்கு மேல் தாவாது. உள்ளே நாலைந்து மேக்ரோ விரிந்ததும், நேற்றுவரை ஓடிய நிரல் "தாவல் எல்லைக்கு வெளியே" என்று நின்றுவிடும். 8086-இன் நிபந்தனைத் தாவல்களுக்கும் அதே எல்லைதான். என்னைக் கேட்டால், இரண்டு மூன்று வரிக்கு மேக்ரோ, அதற்கு மேல் புரொசீஜர். புரொசீஜரைக் கூப்பிடும் சடங்கை மட்டும் ஒரு குட்டி மேக்ரோவில் வைத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் கண்ணில் படும் இடம் ஒன்று இருக்கிறது, அசெம்பிளர் எழுதித்தரும் லிஸ்டிங் ஃபைல். மாஸ்மில் நிரலின் தலையில் லிஸ்ட்மேக்ரோஆல் போட்டால் விரிந்த வரிகள் முழுவதும் அதில் வரும். நாஸ்மில் பெரிய எழுத்து மைனஸ் ஈ கொடுத்தால், அசெம்பிள் செய்யாமல் விரித்ததை மட்டும் காட்டும். புது மேக்ரோ எழுதியதும் நான் அதை அடுத்தடுத்து இரண்டு தடவை போடுவேன், அதற்குள் பயன்படும் ரெஜிஸ்டரையே ஒரு தடவை பாராமீட்டராகக் கொடுப்பேன், அப்புறம் லிஸ்டிங்கைத் திறந்து வரி வரியாக வாசிப்பேன். ஐந்து நிமிட வேலை. அன்றைக்கு லேபில் அதைச் செய்யாமல், மதியம் முழுக்க ஆன்டிவைரஸ் ஓட்டிக்கொண்டிருந்தோம்.