உங்கள் மனக்கடிகாரம் ஒரு நிமிடத்தை எத்தனை நொடியில் முடிக்கிறது?

ஒரு நிமிடம் ஆனதாகத் தோன்றும்போது 'ஆச்சு' என்று சொல்ல வேண்டும். சோதனை இவ்வளவுதான். ஆனால் பலர் மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடுகிறார்கள். அப்போது எண்ணும் வேகம்தான் அளவில் வரும், கால உணர்வு வராது.

எண்ணுவதைத் தடுக்க, 1 முதல் 9 வரையுள்ள எண்களைத் தாறுமாறாக ஒரு தாளில் இருநூறு எழுதிக்கொள்ளுங்கள். சோதனை நடக்கும்போது அவற்றை உரக்கப் படியுங்கள். சிலவற்றை விரைந்தும் சிலவற்றை இழுத்தும் படிப்பது முக்கியம். ஒரே தாளத்தில் போனால் அந்தத் தாளமே கடிகாரமாகிவிடும். காலால் தட்டுவதும் கூடாது. டிக் டிக் என்று ஒலிக்கும் கடிகாரத்தை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

ஸ்டாப்வாட்ச் வேண்டாம், கண் அதன் பக்கம் போய்விடும். செல்போனில் குரல்பதிவை ஓடவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். 'தொடக்கம்' என்று சொல்லிப் படிக்கத் தொடங்குங்கள், நிமிடம் ஆனதும் 'ஆச்சு'. இப்படி ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் தாளில் வேறு இடத்திலிருந்து. ஐந்தும் முடியும்வரை பதிவைக் கேட்காதீர்கள். விடை தெரிந்தால் அடுத்த முறை மனம் திருத்திக்கொள்ளும்.

48, 52, 45, 55, 50 நொடிகள் வந்தால் சராசரி 50. இங்கேதான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 50 நொடியிலேயே நிமிடம் முடிந்துவிட்டதென்றால் உள்ளே ஓடும் கடிகாரம் வேகமானது. அதனால் வெளியே நிஜமான ஒரு நிமிடம் இழுத்துக்கொண்டே போவதாகத் தோன்றும். காய்ச்சலில் இது நன்றாகத் தெரியும்: உடல் சூடு ஏறினால் மனக்கடிகாரமும் விரைகிறது என்று அமெரிக்க உடலியலாளர் ஹட்சன் ஹோக்லண்ட் 1933-இல் எழுதினார். எதிர்த்திசைக்கு, அதாவது மனக்கடிகாரம் மெதுவாவதற்கு, பிரெஞ்சு குகை ஆய்வாளர் மிஷேல் சிஃப்ர் சாட்சி. 1962-இல் இரண்டு மாதம் குகைக்குள் கடிகாரமில்லாமல் இருந்த அவர், நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ண ஏறக்குறைய ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார்.

உடல் வெப்பம் நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். ஆகவே வெவ்வேறு நாள் அளவுகளை ஒப்பிட வேண்டுமானால் ஒரே வேளையில் செய்யுங்கள்.

கடந்துபோன நேரத்தை நினைவிலிருந்து மதிப்பிடுவது வேறு வேலை. வேலையில் மூழ்கியிருக்கும்போது பறந்த நேரம், புதிய நினைவுகள் நிறைய சேர்ந்திருந்தால், திரும்பிப் பார்க்கையில் நீளமாகத் தெரியும். இதை அளக்க, நண்பரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வேலையைக் கொடுங்கள். முடிந்ததும் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேளுங்கள். ஒருவரிடம் ஒருமுறைதான் இது செல்லும். அடுத்த முறை அவர் வேலையோடு நேரத்தையும் கவனித்துக்கொண்டிருப்பார்.