ஸ்பொன்சர் செய்த குடும்பம் வந்து இறங்கியாச்சு: கனடாவில் முதல் மாத வேலைகள்

அகதிக் குடும்பம் ஒன்றை ஸ்பொன்சர் செய்தவர்களுக்கு இது. வீடு, கட்டில், குளிர் ஜாக்கெட் எல்லாம் உங்கள் ஐவர் குழு (ஐந்து பேராகச் சேர்ந்து ஸ்பொன்சர் செய்யும் குழு) ஆயத்தம் செய்திருக்கும். நான் எழுதுவது அதற்குப் பிறகு வரும் அலுவல்களைப் பற்றி. லெபனானில் இருந்து ஒரு சிரியக் குடும்பம் ஸ்காபரோ வந்தபோது நாங்கள் செய்த ஒழுங்கு இது.

முதலில் சின் நம்பர், அதாவது வேலைக்கும் அரச உதவிகளுக்கும் வேண்டிய சமூகக் காப்புறுதி இலக்கம். நிரந்தர வதிவிட உறுதிப் பத்திரத்தோடு சேர்விஸ் கனடாவுக்கு நேரில் போங்கள். பிறகு வங்கிக் கணக்கு, சேர்விஸ் ஒன்ராறியோவில் ஹெல்த் காட். பத்திரங்களைப் போனில் படம் எடுத்து வைப்பதை விட, ஆளுக்கொரு பிளாஸ்ரிக் கோப்புறைதான் நல்லது. அது உங்கள் வீட்டில் அல்ல, அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது சைல்ட் பெனிஃபிற், அதாவது பிள்ளைகளுக்காக அரசு கொடுக்கும் பணம். எங்களை இழுத்தடித்தது இதுதான். ஆர்.சி.66 படிவத்தோடு புதிதாக வந்தவர்களுக்கான இணைப்பையும் நிரப்ப வேண்டும். கனடா வரமுன் கிடைத்த வருமானத்தை அதில் கேட்பார்கள். "வேலையே இருக்கவில்லையே" என்று தகப்பன் அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டார். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, பணம் தள்ளிப்போனது. வருமானம் இல்லையென்றால் 0 என்று எழுதுங்கள், கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியாக. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றும் வேண்டும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை, 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 7,997 டொலர், 6 முதல் 17 வரை 6,748. பிள்ளைகள் கூடிய வீட்டில் இது பெரிய காசு. முதல் கிழமையே அனுப்பிவிடுங்கள். இது வருகிறதே என்று ஸ்பொன்சராக நீங்கள் கொடுக்கும் காசைக் குறைக்க வேண்டாம்.

டொக்டரிடம் போகும்போது மொழிபெயர்க்கப் பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். கடையில் கூகிள் போதும், அங்கே போதாது. பிள்ளையை மொழிபெயர்க்க ஒருபோதும் விடாதீர்கள். தாயின் உதிரப்போக்கைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் அந்த மகள் தரையைப் பார்த்தபடி நின்றாள். டொக்டர் கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

பின்சேர்க்கை: வீடு மாறியதால் பி.ஆர். காட் (நிரந்தர வதிவிட அட்டை) வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். வந்து 180 நாளுக்குள் சரியான விலாசம் கொடுக்காவிட்டால், கட்டணம் கட்டித்தான் விண்ணப்பிக்க வேண்டும். பெனிஃபிற் ஜூலையில் நின்றுவிட்டது என்றவர்களுக்கு: வருமானம் இல்லாவிட்டாலும் இருவரும் ஏப்ரல் 30க்குள் வரிக்கணக்குக் கொடுக்க வேண்டும். தவறியிருந்தால் இப்போதே கொடுங்கள்.