நிறம் ஏறிய நாணயங்களும் கிரேடிங்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்துப் பழைய வீடுகளின் பெட்டிகளில் திருவிதாங்கூர் அரசின் சக்கரம் என்ற காசும், சங்கு பொறித்த வெள்ளிக் காசுகளும், விக்டோரியா, ஜார்ஜ் தலை போட்ட ரூபாய்களும் இன்றும் கிடைக்கின்றன. அவை கறுத்திருந்தால் புளியையோ திருநீற்றையோ போட்டுத் தேய்ப்பதுதான் பலரும் முதலில் செய்கிற காரியம். குத்துவிளக்குக்கு அது பொருந்தும். நாணயத்துக்கு அதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து மிக மெல்லிய வெள்ளி சல்பைடு படலத்தை உண்டாக்குகின்றன. படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் நிறம் தோன்றுகிறது. படலம் தடிக்கத் தடிக்க அந்த நிறம் இளமஞ்சளில் தொடங்கி, செம்பொன், கருஞ்சிவப்பு, நீலம் என்று மாறிக் கடைசியில் கறுப்பில் முடிகிறது. சேகரிப்பாளர்கள் டோனிங் என்று சொல்வது இதைத்தான். இந்தப் படலத்தைத் தேய்த்து எடுக்கும்போது அதனுடன் உலோகத்தின் மேல்தோலும் போய்விடும். பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரியும். நாணயத்தின் தரத்தை மதிப்பிடும் (கிரேடிங்) பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற அமெரிக்க நிறுவனங்கள் 70 புள்ளி அளவுகோலில் எண் கொடுத்தாலும், இப்படித் தேய்க்கப்பட்ட நாணயத்துக்கு எண் தராமல், மெய்யான நாணயம்தான் என்ற உறுதியோடு ‘டீடெய்ல்ஸ்’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிடும். நகை துலக்கும் அமிலக் கரைசலில் முக்குவதும் இதே வகைதான்; கீறல் விழாதே தவிர, நாணயத்தைச் சாய்க்கும்போது வண்டிச்சக்கரம் போலச் சுழலும் மெருகு செத்துவிடும்.

செம்பில் இன்னும் கவனம் வேண்டும். செம்பு நாணயங்களை ரெட், ரெட்-பிரவுன், பிரவுன் என்று மூன்றாகப் பிரித்தே தரம் எழுதுகிறார்கள். பல ஆண்டுகளாகப் படிந்த பழுப்பை நீக்கிவிட்டால் வெளிப்படும் வெளிறிய இளஞ்சிவப்பை அச்சிலிருந்து வந்த சிவப்பென்று எந்தத் தரமதிப்பாளரும் ஏமாந்து எடுத்துக்கொள்ளமாட்டார். என் மதிப்பீட்டில், எளிதாகக் கிடைக்கிற, தேய்ந்த ஒரு சக்கரத்தை கிரேடிங்குக்கு அனுப்புவதே வீண். கட்டணம் நாணயத்தின் விலையைத் தாண்டிவிடும்.

சேமித்து வைப்பதில் நடக்கும் பிழைகள் நம் பகுதிக்கே உரியவை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் இம்மாவட்டத்தில், குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. உப்பு பட்ட செம்பில் பொடிப்பொடியாகப் பச்சைப் புள்ளிகள் தோன்றினால் அது டோனிங் அல்ல, அரிப்பு. அந்த நாணயத்தை உடனே பிரித்து வைக்க வேண்டும். நாணயக் கட்டுகளை ரப்பர் பேண்டால் சுற்றுவது இன்னொரு பிழை (ரப்பர் விளையும் ஊரில் பேண்டுக்கா பஞ்சம்!). ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் வெள்ளியின் குறுக்கே கறுப்புக் கோடாகப் பதிந்துவிடும். மலிவான பிவிசி பிளாஸ்டிக் ஆல்பங்கள் காலப்போக்கில் பசைபோன்ற பச்சைப் படிவை விடுகின்றன. இதைத் தூய அசிட்டோனில் நனைத்து எடுக்கலாம், ஆனால் நகப்பூச்சு நீக்கி என்று விற்பதில் வேறு பொருள்களும் கலந்திருப்பதால் அது உதவாது. பிவிசி கலக்காத உறையும், மாற்றிப் போட்டுக்கொள்ளும், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலமும் இருந்தால் போதும்.

வாங்கும்போது பெரும் பணம் போவது செயற்கை நிறத்தில்தான். கந்தகமும் சூடும் கொண்டு சில மணி நேரத்தில் வானவில்லை வரவழைக்க முடியும் என்பதால், நிறம் அழகாக இருக்கிறதா என்பதற்கு முன், அது எப்படி வந்திருக்கக்கூடும் என்று கேட்க வேண்டும். அட்டை ஆல்பத்தில் பல காலம் இருந்த நாணயத்தில் நிறம் பெரும்பாலும் விளிம்பிலிருந்து தொடங்கி, மேலே சொன்ன வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றி, நடுவை நோக்கி மெல்லக் குறைந்துகொண்டே போகும். புடைத்த எழுத்துகளைச் சுற்றி வெளிறிய ஒரு சிறு வளையம் நிற்பதும் உண்டு. மஞ்சளே இல்லாமல் பளீரென்ற நீலமும் ஊதாவும் திட்டுத்திட்டாக உட்கார்ந்திருந்தாலும், கீறலின் பள்ளத்துக்குள்ளும் அதே நிறம் ஓடினாலும் சந்தேகிக்க வேண்டும். பளபளக்கும் நிறத்துக்கு அடியில் மெருகு தேவை. ஆகவே, அரசரின் கன்னமும் மீசையும் மழுங்கிப்போன ரூபாயில் வானவில் தெரிந்தால் நான் விலையே கேட்கமாட்டேன். இணையத்தில் வாங்குவோர் ஒரே படத்தை நம்பாமல், வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டும் காணொளியைக் கேட்டுப் பெறலாம்.

கிரேடிங் முடிந்து நாணயம் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைபட்டு வந்துவிட்டால் நிறத்துக்கும் விலை உறுதி என்று நினைப்பதும் தவறு. எண் முதன்மையாக நாணயம் எவ்வளவு பேணப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. கண்ணைக் கவரும் நாணயங்களுக்கு என்ஜிசி தனியாக நட்சத்திரக் குறி தருகிறது. அழகுக்குத் தரும் கூடுதல் பணம் வாங்குபவரின் விருப்பத்தைப் பொறுத்தது.

பலர் கவனிக்காதது சட்டம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. எனவே 1862 தேதியிட்ட விக்டோரியா ரூபாயை அமெரிக்காவுக்கு கிரேடிங்குக்கு அஞ்சலில் அனுப்புவது குற்றமாகும். திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மா 1931-இல் முழு ஆட்சி அதிகாரம் ஏற்ற பிறகு வந்த காசுகளும், 1940-களின் ஜார்ஜ் ரூபாய்களும் இந்த வரம்புக்குள் இன்னும் வரவில்லை. திருவிதாங்கூர்க் காசில் கொல்லம் ஆண்டே பொறித்திருந்தால், அதோடு 825-ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு கிடைக்கும். வயதில் ஐயம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் பெற்றுக்கொள்வது நல்லது.

அனுப்பும் நாளில் ஒரு சிறு எச்சரிக்கை: சதுர அட்டை உறையில் ஸ்டேப்ளர் பின் அடித்து வைத்திருந்தால், நாணயத்தை இழுத்து எடுப்பதற்கு முன் எல்லாப் பின்களையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் பின்முனை ஒருமுறை உரசினாலே புதுக் கீறல் விழும், எண்ணும் இறங்கும்.