சாங்கியில் லேஓவரா? டோக்கியோ அன்றாடத்தை எழுதி வைத்துவிடுங்கள்

ஜப்பானில் வேலையை முடித்துக்கொண்டு சிங்கப்பூர் வழியாகச் சென்னை திரும்புகிறவர்களுக்கு, டிக்கெட் விலையைப் பார்த்து எடுத்தால் சாங்கி விமான நிலையத்தில் ஐந்தாறு மணி நேரம் சும்மா கிடைக்கும். போனைத் தேய்த்தே கழித்துவிடலாம்தான். ஆனால் ஊரில் இறங்கியதும் "எவ்வளவு சேர்த்தே?", "அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணினே?" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள், ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் அந்தப் பதில் மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கும். அதற்கு முன்னால் அங்கே கழித்த அன்றாடத்தை எழுதிவிட வேண்டும்.

படி 1: முதலில் சில்லறை வேலைகள்

அடுத்த விமானத்தின் கேட் எந்த டெர்மினல் என்று திரையில் பாருங்கள். 1, 2, 3 டெர்மினல்களுக்கு இடையே ஸ்கைடிரெயின் ஓடுகிறது. கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வையுங்கள் (மறந்தாலும் நஷ்டமில்லை, சீக்கிரமே கேட்டில் போய் உட்கார்ந்திருப்பீர்கள்). ஜுவல் வளாகத்துக்குள் இருக்கும் அருவியைப் பார்க்கும் ஆசை இருந்தால், அது குடிநுழைவைத் (இமிக்ரேஷன்) தாண்டி வெளியே இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். சில நாட்டு விசா வைத்திருப்பவர்களுக்கு 96 மணி நேரச் சலுகை உண்டு, நிபந்தனைகளைக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: உட்காரும் இடம்

மூன்றாம் டெர்மினல் பட்டாம்பூச்சித் தோட்டம் அழகுதான், ஆனால் உள்ளே புழுக்கம், எழுத முடியாது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சார்ஜர் செருக வசதியுள்ள ஆளில்லாத நாற்காலியாகப் பிடியுங்கள்.

படி 3: பையைக் கொட்டுங்கள்

"ஜப்பான் வாழ்க்கை" என்று தலைப்புப் போட்டு ஆரம்பித்தால் ஃபூஜி மலையும் செர்ரிப் பூவும்தான் வரும், அதெல்லாம் போட்டோவிலேயே இருக்கிறது. பர்ஸில் கிடக்கிற சுய்கா கார்டு (ரயிலுக்குப் பணம் போட்டு வைக்கும் அட்டை), நடுவில் ஓட்டையுள்ள ஐந்து யென் காசு, கசங்கிய ரசீது எல்லாவற்றையும் மடியில் போடுங்கள். ரசீதுதான் புதையல். தேதி, மணி, எந்தக் கடை, என்ன வாங்கினீர்கள் என எல்லாம் அதில் இருக்கும். வெப்பத்தாளில் அச்சடித்தது நாளடைவில் மங்கிவிடும், இப்போதே படம் எடுத்துவிடுங்கள்.

படி 4: ஒரு செவ்வாய்க்கிழமை

விசேஷம் எதுவும் இல்லாத ஒரு நாளை எடுத்து, அலாரத்திலிருந்து தூங்கும்வரை கை என்ன செய்தது என்று மட்டும் எழுதுங்கள். உணர்ச்சியெல்லாம் வேண்டாம், தானாக வரும். இப்படி:

"எரிக்கக்கூடிய குப்பையை மட்டும் எடுக்கும் நாள். எட்டு மணிக்குள் வைக்க வேண்டும், முந்தின ராத்திரியே வைத்தால் காக்கா கிழித்துவிடும். மூட்டையைக் கீழே கொண்டுபோய், நீல வலையின் ஓரத்தைத் தூக்கி உள்ளே தள்ளி, வலையை இழுத்து மூடினேன். எதிர்வீட்டுப் பாட்டி என் பையை ஒரு பார்வை பார்த்தார், பிளாஸ்டிக் கலந்திருக்கிறதா என்றுதான். குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு தோஸாய் ரயிலுக்கு ஓடினேன்."

இவ்வளவுதான். இதே மாதிரி ஓனிகிரி (சோற்று உருண்டை) உறையில் 1, 2, 3 என்று போட்டிருக்கும் வரிசையில் பிரிப்பதை எழுதுங்கள். நடு நாடாவை இழுத்து, இரண்டு மூலையையும் உருவினால் கடற்பாசித் தாள் மொறுமொறுப்பாகச் சோற்றைச் சுற்றிக்கொள்ளும். டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷிகசாய் பக்கம் இருந்தவர்கள் இட்லி அரிசி வாங்கிய கடையை விட்டுவிடாதீர்கள். பிடிக்காததையும் எழுதுங்கள், வாடகை வீடு தேடியபோது வெளிநாட்டவர் என்றதும் கையை விரித்த தரகர் உட்பட.

படி 5: சத்தங்கள்

இதை எழுதுவது கஷ்டம், வாய்ஸ் நோட்டில் பேசிவிடுங்கள். ரயில் கதவு மூடும் முன் ஒலிக்கும் மெட்டை முனகிப் பதியலாம். அப்புறம், பல ஊர்களில் சாயங்காலம் ஒலிபெருக்கியில் ஒரு குழந்தைப் பாட்டு மெட்டு வருமே, அதையும். பேரிடர் அறிவிப்புக்கு வைத்த ஒலிபெருக்கி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்கிற ஏற்பாடு அது, பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் போகும் மணியும் அதுவே. உங்கள் வட்டாரத்தில் எத்தனை மணிக்கு என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 6: மூட்டை கட்டுதல்

பாதுகாப்புச் சோதனை இங்கே பெரும்பாலும் கேட்டிலேயே நடக்கும், அதனால் பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுக் கொஞ்சம் முன்னதாகவே போங்கள். வைஃபை இருக்கும்போதே படங்களையும் பதிவுகளையும் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள். சுய்காவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கடைசியாகப் பயன்படுத்தியதிலிருந்து பத்து வருடம் வரை செல்லும்.